லெகோ ஐடியாஸ்: நீங்கள் கட்டிய மாதிரி கடைக்குப் போகும் வழி

2012இல் எலன் கூய்மன் என்ற புவி வேதியியல் ஆய்வாளர், லெகோ கட்டைகளில் சின்னச் சின்னக் காட்சிகள் சிலவற்றைக் கட்டி இணையத்தில் ஏற்றினார். லெகோ பொம்மை மனிதர்களில் ஆண்களே அதிகம், இருக்கிற பெண் பொம்மைகளும் பெண்களைப் பற்றிய பழைய எண்ணப்படியே வடிவமைத்தவை என்பது அவருடைய மனக்குறை. அதனால் அவர் கட்டிய காட்சிகளில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தொலைநோக்கியோடு, ஒருவர் டைனோசர் எலும்புக்கூட்டின் முன்னால், ஒருவர் ஆய்வகத்தில் குடுவைகளோடு. 10,000 பேர் "இது எங்களுக்கு வேண்டும்" என்று கை தூக்கினார்கள். 2014 ஆகஸ்டில் அந்தக் காட்சிகளில் மூன்று மட்டும், 165 துண்டுகள் கொண்ட 'ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்' என்ற பெட்டியாகக் கடைக்கு வந்தன. வந்த வேகத்தில் விற்றும் தீர்ந்தன.

ஒரு பெரிய நிறுவனத்தின் வடிவமைப்பு மேசைக்கு வெளியாள் ஒருவரின் யோசனை போய்ச் சேர்ந்த வழி இது. இன்றும் அந்த வழி திறந்திருக்கிறது. அதன் பெயர் லெகோ ஐடியாஸ். வீட்டில் கட்டை அடுக்கிப் பழகியவர்களும் வடிவமைப்பு படிக்கிற மாணவர்களும் "நானும் ஒன்று அனுப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்கும்போது நான் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். கேட்பவர்களில் பலருக்கும் 10,000 என்ற எண்மேல்தான் கண். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: உங்கள் மாதிரியை முன்பின் தெரியாதவர்கள் கை வைத்துத் திருத்த நீங்கள் இடம் கொடுக்கிறீர்களா? கொடுத்தவர்களின் மாதிரி பார்த்தாலே தெரியும்.

இந்த வழி எப்படி உண்டானது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோப் பெட்டியை லெகோ வெளியிட்டது. வந்த கொஞ்ச நாளிலேயே பயனர்கள் அதன் உள்மென்பொருளைப் பிரித்துப் பார்த்துத் தாங்களே புது நிரல்கள் எழுத ஆரம்பித்தார்கள். நிறுவனம் யோசித்துப் பார்த்து, தடுப்பதை விட்டு அனுமதித்தது. 2006இல் வந்த அடுத்த தலைமுறைப் பெட்டிக்கு, வடிவமைப்பு நடக்கும்போதே நான்கு பயனர்களை உள்ளே அழைத்துப் பேசியது. வாங்குகிறவர்களிடம் கைத்திறன் மட்டுமல்ல, நல்ல யோசனையும் இருக்கிறது என்று டென்மார்க்கின் பில்லுண்டில் இருக்கும் தலைமையகத்துக்குப் புரிந்த காலம் அது.

2008இல் ஜப்பானில் 'கூசூ' என்ற பெயரில் ஒரு சோதனை தொடங்கியது. ஜப்பானிய மொழியில் 'கூசோ' என்றால் கற்பனை. 1,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும் என்பது ஏற்பாடு. அதிலிருந்து முதலில் வந்தது 'ஷின்காய் 6500' என்ற ஆழ்கடல் ஆய்வு நீர்மூழ்கி, ஆண்டு 2011. அதே ஆண்டின் இறுதியில் உலகம் முழுவதற்கும் கதவு திறந்தார்கள், தேவையான ஆதரவு 10,000 ஆனது. மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை வைத்துக் கட்டிய மாதிரி அதை இரண்டே நாளில் எட்டியது. 2014 ஏப்ரலில் 'லெகோ ஐடியாஸ்' என்ற இப்போதைய பெயர் வந்தது.

படி 1: கட்டைகளைத் தொடும் முன் விதிகளைப் படியுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் மூன்று மாதம் கட்டிய பிறகு "இந்தப் பொருளை ஏற்க மாட்டோம்" என்ற பதில் வந்தால் மனசு உடைந்துவிடும். அதனால் இதை முதல் படியாக வைக்கிறேன்.

நம்மவர்களில் பலருக்கு முதலில் தோன்றுவது தஞ்சைப் பெரிய கோயில். அந்த விமானம் கட்டைகளில் ஏறுவதைக் கற்பனை செய்தாலே கை பரபரக்கும். ஆனால் மதம் சார்ந்த சின்னங்கள், கட்டடங்கள், ஆட்கள் எதையும் ஐடியாஸில் ஏற்பதில்லை. கோயில், தேவாலயம், மசூதி எல்லாவற்றுக்கும் ஒரே விதி. உங்கள் வீட்டுக்காகவோ ஊர்க் கண்காட்சிக்காகவோ தாராளமாகக் கட்டுங்கள். இங்கே அனுப்ப வேண்டாம். அரசியல், மது, போதைப்பொருள், வன்முறை, நவீனப் போர்க் கருவிகள் ஆகியவையும் அப்படித்தான்.

திரைப்படம், விளையாட்டு, கார்ட்டூன் பாத்திரம் என்று வேறொருவர் உரிமை வைத்திருக்கும் பொருளை அனுப்பலாம். ஆனால் அதன் உரிமையாளரோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்தாக வேண்டும். அந்தப் பேச்சு முறிந்தால் உங்கள் மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். முதல் முயற்சி செய்பவர் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருளை எடுப்பது நல்லது என்பது என் கருத்து. மரவீடு, பியானோ, பழைய மீன்பிடிக் கடை, குப்பிக்குள் கப்பல் எல்லாம் அப்படித் தேர்வாகிப் பெட்டியாக வந்தவைதான்.

வயது வரம்பு, எந்த நாட்டவர் பங்கேற்கலாம், எத்தனை துண்டுகள் வரை கட்டலாம் என்பவை அவ்வப்போது மாறுகின்றன. நீங்கள் ஏற்றுகிற வாரத்தில் விதிப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள்.

படி 2: எதைக் கட்டுவது என்று முடிவெடுங்கள்

ஒரு நல்ல மாதிரி தூரத்திலிருந்து பார்த்தால் "இது இன்னது" என்று தெரிய வேண்டும். பக்கத்தில் வந்தால் கை வைத்து எதையாவது அசைத்துப் பார்க்கத் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பாதி வெற்றி.

பேச்சுக்கு, பழைய பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1914இல் திறந்தது, மதம் சார்ந்தது இல்லை, எந்தத் திரைப்பட நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பாலம் பயன்பாட்டில் இருந்தபோது, கப்பல் வந்தால் நடுவிலிருக்கும் ஷெர்சர் என்ற வகைத் தூக்குப் பகுதியின் இரண்டு இறக்கைகளும் மேலே எழும்பின, அதுவும் ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றி. குழந்தை கையில் கொடுத்தால் நாள் முழுக்கத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கும். பாலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிரேசில்காரருக்கும் அந்த அசைவு புரியும்.

அடுத்த கேள்வி அளவு. பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். லெகோ பொம்மை மனிதரின் உயரம் சுமார் 4 செ.மீ. அந்த அளவுக்கு ஏற்பக் கட்டினால் பாலம் ஏறத்தாழ 50 மீட்டர் போகும்! ஆகவே முழுப் பாலத்தையும் விட்டுவிட்டு, தூக்குப் பகுதியையும் அதன் இரு புறமும் ஒன்றிரண்டு தூண்களையும் மட்டும் எடுக்க வேண்டும். அதையும் சிற்றளவில் கட்டி, விரல் நீளத்துக்கு ஒரு ரயிலை மேலே வைக்கலாம். இப்படி வெட்டிச் சுருக்குவதுதான் வடிவமைப்பில் கடினமான வேலை. 2017இல் வந்த சாட்டர்ன் ஃபைவ் ராக்கெட்டைப் பாருங்கள். 110 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ராக்கெட், பெட்டியில் சுமார் ஒரு மீட்டர் ஆகிவிட்டது; மூன்று அடுக்குகளும் தனித்தனியே கழன்றுவரும். துண்டுகளின் எண்ணிக்கை 1,969, மனிதர் நிலவில் முதன்முதலில் இறங்கிய ஆண்டு. ஃபீலிக்ஸ் ஸ்டீசென், வாலரி ரோஷ் என்ற இருவர் சேர்ந்து அனுப்பிய மாதிரி அது.

அனுப்புவதற்கு முன் தேடல் பெட்டியில் உங்கள் பொருளைத் தட்டிப் பாருங்கள். ஒத்த மாதிரி ஏற்கெனவே இருந்தால் அவர் எங்கே தடுக்கி நின்றார் என்று கவனியுங்கள். அவருடைய படங்களின் கீழே மக்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இலவசமாக ஒரு பாடம் கிடைக்கும்.

படி 3: முதலில் கணினியில், அப்புறம் கையில்

'ஸ்டூடியோ' என்ற மென்பொருள் இலவசம். பிரிக்லிங்க் என்ற உதிரிக் கட்டைச் சந்தையிலிருந்து வந்தது. அந்தச் சந்தையை 2019இல் லெகோ வாங்கிவிட்டது. திரையில் கட்டைகளை இழுத்து வைத்துக் கட்டலாம், ஒன்றோடொன்று மோதினால் சொல்லும், நிழலோடும் ஒளியோடும் படம் எடுத்துத் தரும், கட்டும் முறைப் புத்தகம் கூடத் தயாரிக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இப்படிக் கணினியில் லெகோ கட்டும் வழக்கத்துக்கு வேர், ஜேம்ஸ் ஜெசிமன் என்ற ஆஸ்திரேலியர் 1995இல் எழுதிய எல்டிரா என்ற மென்பொருள். 1997இல் அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து, உலகின் பல மூலைகளில் இருக்கும் ஆர்வலர்கள் ஒவ்வொரு கட்டையையும் அளந்து, வரைந்து, ஒருவர் வரைந்ததை மற்றவர் சரிபார்த்து, அந்தக் கட்டைப் பட்டியலைப் பல ஆயிரமாக வளர்த்திருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. இன்று நீங்கள் ஒரு சிறு வளைந்த கட்டையைத் திரையில் சுழற்றிப் பார்க்கிறீர்கள் என்றால், யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து அதன் வளைவை அளந்திருக்கிறார். நாம் நுழையப் போகும் கூட்டம் எப்படிப்பட்டது என்று புரிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். கணினியில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, நிறம். நீங்கள் நினைக்கிற கட்டை நீங்கள் நினைக்கிற நிறத்தில் தயாராகாமல் இருக்கலாம். எந்தக் கட்டை எந்த நிறத்தில் உண்டு என்பதை ஸ்டூடியோவே காட்டும். இல்லாத நிறங்களில் மாதிரி முழுவதையும் கட்டினால், நாளை நிறுவனத்துக்குச் செலவு ஏறும். புதிதாக ஒரு வார்ப்பச்சு தேவைப்படும் கட்டையை நம்பி வடிவமைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, புவியீர்ப்பு. திரையில் எல்லாம் நிற்கும். ஒற்றைக் குமிழில் தொங்கும் சுவர் கூட அசையாது. நான் திரையில் கட்டி ரசித்த ஒரு மரக்கிளை, உண்மையான கட்டைகளில் செய்து பார்த்தபோது கை எடுத்த உடனேயே சரிந்தது. அன்றிலிருந்து எடை தாங்கும் பகுதிகளையும் அசையும் பகுதிகளையும் மட்டுமாவது கையால் கட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. முழுவதையும் வாங்கிக் கட்ட நம் ஊரில் பணம் நிறைய ஆகும், அது தேவையும் இல்லை. பாம்பன் மாதிரியில் இறக்கையின் கீல், அதைத் தூக்கும் பல்சக்கரம், எதிர் எடை ஆகிய மூன்றையும் கையில் கிடைக்கும் எந்த நிறக் கட்டையிலாவது செய்து நூறு முறை ஏற்றி இறக்குங்கள். கழன்று விழுந்தால் மாற்றுங்கள்.

கட்டைகளை வளைத்துத் திணிக்கும் இணைப்புகளையும் தவிர்க்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் துண்டு மாதக்கணக்கில் அழுத்தத்தில் இருந்தால் வெடிக்கும் அல்லது பிடிப்பு விட்டுப்போகும். ஆர்வலர்கள் அதை 'விதிமீறிய இணைப்பு' என்பார்கள். நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் அதை அனுமதிப்பதே இல்லை.

படி 4: ஏற்றும் முன் கூட்டத்துக்குள் போங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். மாதிரி முடிந்ததும் ஏற்றிவிட்டு, நாலு குழுக்களில் சுட்டியைப் போட்டு, "ஆதரவு தாருங்கள் நண்பர்களே" என்று கேட்கிறார்கள். அந்தக் குழுவில் அதற்கு முன் ஒரு நாள் கூட அவர்கள் பேசியதில்லை. கல்யாண வீட்டுக்குள் நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும் அது.

நான் சொல்லும் கணக்கு இரண்டு மாதம். இந்த இரண்டு மாதத்தில் உங்கள் மாதிரியைப் பற்றிப் பேசுவதைவிட மற்றவர்களின் மாதிரியைப் பற்றி அதிகம் பேசுங்கள். "அருமை", "சூப்பர்" என்று போடுவதால் யாருக்கும் பயனில்லை. "கூரையின் சரிவு ரொம்ப இயல்பாக இருக்கிறது, ஆனால் முன்வாசல் கதவு திறக்கும்போது படியில் இடிக்காதா?" என்று எழுதினால் அவர் உங்களை மறக்க மாட்டார். நாளை உங்கள் பாலத்தின் கீலில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிக்கப் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

அப்புறம் உங்கள் மாதிரியை அரைகுறையாக இருக்கும்போதே காட்டுங்கள். முழுதாக முடித்த பிறகு காட்டினால் திருத்தம் சொல்ல யாருக்கும் வாய் வராது, கேட்க உங்களுக்கும் மனம் வராது. காட்டும்போது குறிப்பாகக் கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் "நன்றாக இருக்கிறது" மட்டும்தான். "இந்த இறக்கை நாற்பது பாகைக்கு மேல் ஏற மறுக்கிறது, எதிர் எடையைக் கூட்டலாமா, கீலை மாற்றலாமா?" என்று கேட்டால், எங்கோ ஓர் இயந்திரப் பொறியாளர் தன் வேலையை விட்டுவிட்டு உங்களுக்குப் படம் வரைந்து அனுப்புவார். இது நடக்கும். நான் இந்தக் கூட்டத்தை விரும்புவதற்குக் காரணமே இதுதான்.

வருகிற எல்லா யோசனைகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்; தொடர்பே இல்லாத மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தில் கோளாறு நிச்சயம். அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம், சுட்டிய இடம் தவறாக இருக்காது.

ஒருவருடைய உத்தியை எடுத்தாண்டால் அவர் பெயரை விவரக் குறிப்பில் சொல்லுங்கள். உண்மையிலேயே சேர்ந்து கட்டுகிறீர்கள் என்றால், ஏற்றும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதர்கள்தானே என்று விட்டால், பணம் வரும் நாளில் சிநேகிதம் போய்விடும்.

படி 5: படமும் விவரமும்

பெரும்பாலோர் உங்கள் மாதிரியைக் கைபேசியில், கட்டைவிரல் அளவுப் படமாகப் பார்க்கப் போகிறார்கள். ஆகவே முதல் படத்தில் மாதிரி மட்டும் இருக்கட்டும், பின்னணி வெறுமையாக இருக்கட்டும், எழுத்தே வேண்டாம். படத்தைக் கைபேசியில் சிறிதாக்கி, வீட்டில் இருக்கும் யாரிடமாவது இரண்டு நொடி காட்டி "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "பாலம்" என்று சொன்னால் போதும். "ஏதோ கம்பி" என்றால் கோணத்தை மாற்றுங்கள்.

அடுத்த படங்களில் அசைவைக் காட்டுங்கள்: மூடியிருக்கும் இறக்கை, பாதி எழுந்த இறக்கை, முழுதும் எழுந்து கப்பல் கடக்கும் காட்சி. ஒரு படத்தில் அளவு புரிய, பக்கத்தில் பொம்மை மனிதரை நிறுத்துங்கள். பதினைந்து விநாடி வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

விவரத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் கவலை வேண்டாம். சின்ன வாக்கியங்களாக எழுதி, தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். என்ன கட்டியிருக்கிறீர்கள், ஏன் கட்டினீர்கள், அது ஏன் நல்ல பெட்டியாக இருக்கும் என்ற மூன்றும் இருந்தால் போதும். நடுவில் உள்ள 'ஏன்' பகுதியில் நெஞ்சைத் திறந்து எழுதுங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோனது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சீர்செய்தார்கள். இந்த ஒரு செய்தி, பத்து வரி வர்ணனை செய்யாததைச் செய்யும்.

படி 6: கடிகாரம் ஓட ஆரம்பித்ததும்

மாதிரி ஏற்கப்பட்டுப் பக்கம் வெளியானதும் கால எண்ணிக்கை தொடங்குகிறது. முதல் 60 நாளில் 100 ஆதரவு கிடைக்க வேண்டும். கிடைத்தால் 1,000ஐ எட்ட ஓராண்டு. அதன் பிறகு 5,000க்கு ஆறு மாதம், 10,000க்கு இன்னோர் ஆறு மாதம் கூடும்.

ஆதரவு தருவது ஒரே ஒரு சொடுக்கு என்று நினைக்காதீர்கள். கணக்குத் தொடங்க வேண்டும். அதோடு, இதற்கு என்ன விலை கொடுப்பீர்கள், கட்டுவது எவ்வளவு கடினமாக இருக்கும் போன்ற கேள்விகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு இது சந்தை ஆய்வு. உங்கள் அத்தை, சித்தப்பா, கல்லூரிக் குழு எல்லோரும் பாதியில் விட்டுவிடுவதற்கும் இதுதான் காரணம். முதல் 100ஐச் சொந்தபந்தங்கள் வழியாக எட்ட நினைத்தால், ஒவ்வொருவரிடமும் போனில் பேசி, படிப்படியாகச் சொல்லித்தர நேரம் ஒதுக்குங்கள். நாலாவது படியில் இரண்டு மாதம் செலவிட்டவர்களுக்கு இந்த 100 சிரமமாக இருக்காது. அந்தக் கூட்டத்தில் எல்லோரிடமும் கணக்கு இருக்கும்.

1,000க்கு மேலே ஏறுவதற்கு லெகோ ஆர்வலர்கள் மட்டும் போதாது. உங்கள் பொருளை நேசிக்கிறவர்களைத் தேடிப் போக வேண்டும். பாலம் என்றால் ரயில் பிரியர்கள், பாலப் பொறியாளர்கள், கடல் வரலாறு படிப்பவர்கள். 2020இல் வந்த பியானோவின் யோசனை, டோனி சென் என்ற இசை ஆசிரியருடையது. மரவீட்டைக் கொடுத்த கெவின் ஃபீசர் பிரான்சில் முடிதிருத்தும் தொழில் செய்பவர். லெகோவுக்கு வெளியேயும் இவர்களுக்கு ஓர் உலகம் இருந்தது. உங்களுக்கும் இருக்கும், அங்கே போய்ச் சொல்லுங்கள்.

பக்கத்தில் அவ்வப்போது புதுச் செய்தி போடுங்கள். வாரம் ஒரு முறை போட்டுத் தொல்லை செய்ய வேண்டாம். சொல்ல ஏதாவது இருக்கும்போது போடுங்கள். யாரோ சொன்ன யோசனையால் கீலை மாற்றினீர்கள் என்றால், அந்தப் படத்தையும் சொன்னவருக்கு நன்றியையும் போடுங்கள். காசு கொடுத்து ஆதரவு வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். போலி ஆதரவு தெரியவந்தால் மாதிரியே நீக்கப்படும்.

படி 7: 10,000க்குப் பிறகு

இந்த எண்ணைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பரிசீலனை இனிமேல்தான் ஆரம்பம். ஆண்டுக்கு மூன்று சுற்றுகள். ஒரு சுற்றில் பல பத்து மாதிரிகள் வரிசையில் நிற்கும். 2021இன் முதல் சுற்றில் மட்டும் 57 இருந்தன. தேர்வாகிறவை பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். பதில் வர மாதங்கள் ஆகும். விற்குமா, பாதுகாப்பானதா, விளையாட ஏற்றதா, நிறுவனமே இதைப் போல ஏதாவது தயாரித்துக்கொண்டிருக்கிறதா, உரிமைச் சிக்கல் உண்டா என்று பலதும் பார்ப்பார்கள்.

தேர்வானால் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் உங்கள் மாதிரியைப் பிரித்து மீண்டும் கட்டுவார். இங்கே மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கூய்மன் அனுப்பியது பத்துக்கும் மேற்பட்ட காட்சிகள், வந்தது மூன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மரங்களைப் பராமரிக்கும் தொழில் செய்த தாமஸ் போல்சம் பிரிட்டிஷ் பறவைகளைக் கட்டி அனுப்பினார். 2015இல் பெட்டியில் ராபினோடு நீல ஜே என்ற பறவையும் ஹம்மிங்பேர்ட் என்ற ரீங்காரச்சிட்டும் இருந்தன, மற்ற கண்டங்களிலும் விற்க வேண்டுமே. 2017இல் வந்த 'விமன் ஆஃப் நாசா' பெட்டிக்கு மாயா வைன்ஸ்டாக் அனுப்பியது ஐந்து பெண்கள். கடைக்கு வந்தது நால்வர். கணித மேதை கேத்தரின் ஜான்சன் அதில் இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் உருவத்தைப் பொம்மையாக்க அவருடைய சம்மதம் வேண்டும். நிஜ மனிதர்களைக் கட்ட நினைப்பவர்கள் இதை ஆரம்பத்திலேயே யோசிக்க வேண்டும்.

பணம் பற்றி

தேர்வான மாதிரியின் நிகர விற்பனையில் 1 சதவீதம் உங்களுக்கு. நிகர விற்பனை ஒரு கோடி ரூபாய் என்றால் உங்கள் கைக்கு ஒரு லட்சம், வரி தனி. கட்டும் முறைப் புத்தகத்தில் உங்களைப் பற்றிய அறிமுகமும் வரும். 1 சதவீதம் குறைவு என்று கோபப்படுபவர்கள் உண்டு. என் கருத்தில், அச்சு, தொழிற்சாலை, கடை, உரிம ஒப்பந்தம் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்பதால் ஏற்கத் தகுந்த ஏற்பாடுதான். ஆனால் வாழ்க்கைக்கான வருமானமாக இதை யாரும் நம்பக் கூடாது.

ஏற்றும்போது நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் உரிமை பற்றிய பகுதியை மட்டுமாவது சொல் சொல்லாகப் படியுங்கள். எவ்வளவு காலம் வேறிடத்தில் விற்கக் கூடாது, நிராகரித்தால் உரிமை எப்போது திரும்பும் என்ற இரண்டையும் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனங்களின் இது போன்ற கூட்டு வடிவமைப்புத் தளங்களில் சேரும்போதும் இதையே செய்யுங்கள். நியூயார்க்கில் 2009இல் தொடங்கிய குவர்க்கி, ஆயிரக்கணக்கானவர்களின் யோசனைகளை வாங்கி, திருத்தம் சொன்னவர்களுக்கும் வருமானத்தில் பங்கு கொடுத்தது. வளைந்து கொடுக்கும் 'பிவட் பவர்' மின்பலகை அதன் பேர்பெற்ற பொருள். ஆனால் 2015 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கூட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காசோலையில் கையெழுத்துப் போடுவது நிறுவனம்தான்.

தேர்வாகவில்லை என்றால்

பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான், ஆகவே இதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிக்லிங்கில் ஆர்வலர்களின் வடிவமைப்புகளை முன்பதிவு முறையில் விற்கும் திட்டம் ஒன்று தனியாக நடக்கிறது. போதிய முன்பதிவு வந்தால் தயாரிப்பார்கள். ஐடியாஸில் நின்றுபோன மாதிரிகள் சில அங்கே பிழைத்திருக்கின்றன. கட்டும் முறையை ஒழுங்காக எழுதி வைத்தால், நிபந்தனைக் காலம் முடிந்த பின் வேறு வழிகளும் திறக்கும். 100ஐயே எட்டாமல் போனால் ஆதரவு தந்தவர்களின் பெயர்களை ஒரு முறை பாருங்கள். எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்கள், எந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்பது தெரியும். அடுத்த மாதிரியை எங்கே காட்ட வேண்டும் என்பதற்கு அதுவே விடை.

மாயா வைன்ஸ்டாக் நாசா பெண்களுக்கு முன்பு வேறொன்றைக் கட்டியிருந்தார்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நான்கு பெண் நீதிபதிகள். அரசியல் சார்ந்த பொருள் என்று ஐடியாஸ் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு, 2016 ஜூலையில், விண்வெளிப் பெண்களை ஏற்றினார். சில வாரங்களிலேயே 10,000 பேர் வந்துவிட்டார்கள்.